ஓடாத இறுவட்டு



யாழ்ப்பாணத்து உடுவில் என்றதும், 1824ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கே தொடங்கிய மகளிர் பாடசாலை பலருக்கு நினைவில் எழும். பெண்பிள்ளைகள் எழுத்துக் கற்பது அரிதாயிருந்த காலத்தில் அவர்களின் கையிலே புத்தகத்தைக் கொடுத்த ஊர் அது. எழுத்தைப் போற்றும் ஊரிலே, பழையதைப் பேணி வைக்கும் வழக்கமும் உடன் வளர்தல் இயல்பே. அவ்வூரிலும், அயலிலுள்ள இணுவில், சுன்னாகம், மானிப்பாய் முதலிய இடங்களிலும் பழைய வீடுகளின் அலுமாரிகளைத் திறந்தால், சாதகக் குறிப்பும், காணி உறுதியும், கலியாணப் படங்கள் ஒட்டிய அல்பமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு மேலே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வேறொரு பொருளும் வந்து அமர்ந்திருக்கின்றது. டி.வி.டி. எனப்படும் இறுவட்டே அது.

1990ஆம் ஆண்டு தொடக்கம் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. சைக்கிளை நிறுத்தி, சில்லைக் கையாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலியைப் பேசவைத்த காலம் அது. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களுட் சிலர் அவ்வாறு சுற்றியவர்களாகவே இருப்பர். 2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறந்தபோது, பிரிந்திருந்த உறவினர் பலர் ஊருக்கு வந்தனர். வரமுடியாதவர்கள் இறுவட்டுகளைக் கொடுத்துவிட்டனர். ரொறன்ரோவில் நடந்த கலியாணமும், இலண்டனில் நடந்த அரங்கேற்றமும், சிட்னியில் நடந்த பேரப்பிள்ளையின் பிறந்தநாளும் பன்னிரண்டு சென்றிமீற்றர் அகலமுள்ள வட்டுகளில் அடங்கி ஊர்வந்து சேர்ந்தன.

அத்தகைய வட்டு இருக்கும் வீடொன்றை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். மகளுக்குக் கனடாவிலே கலியாணம். தாய்க்கும் தந்தைக்கும் விசா கேட்டு விண்ணப்பித்ததில், தந்தைக்கு மட்டுமே கிடைத்தது. அவர் சென்று, மகளைத் தாரைவார்த்துக் கொடுத்து, மணவறையின் அருகே நின்று நாலு வார்த்தை வாழ்த்திப் பேசித் திரும்பினார். இன்று அவர் இல்லை. அவருடைய குரல் இருப்பது அந்த ஒரு வட்டிலேதான். தொலைக்காட்சியோடு இணைத்திருந்த டி.வி.டி. கருவி என்றோ பழுதாகிவிட்டமையால், மூதாட்டி அவ்வட்டைத் தன் பேரனிடம் கொடுக்கின்றாள். அவன் அதனைக் கணினியில் இடுகின்றான். வட்டு சுழலும் ஒலி கேட்கின்றது, படம் வரவில்லை. ஏதோ ஓர் ஆங்கில வாசகம் தோன்றி மறைகின்றது.

“அம்மம்மா, இது பழுதாப் போச்சு,” என்கின்றான் பேரன்.

“வட்டு பழுதோ, உன்ரை பெட்டி பழுதோ எண்டு முதல்ல பார் மேனை,” என்கின்றாள் மூதாட்டி.

அவளுடைய கேள்வியே சரியான கேள்வி. நோயின் காரணத்தை அறிந்த பின்னரே மருந்தைத் தேடவேண்டும் என்று வள்ளுவர் வைத்தியனுக்குச் சொன்ன நெறி, இயந்திரத்துக்கும் பொருந்தும். ஓடாத இறுவட்டின்முன் இருப்பவை மூன்று: ஒன்று வட்டு, மற்றொன்று அதனைப் படிக்கும் டிரைவ், மூன்றாவது, படித்ததைப் படமாகவும் ஒலியாகவும் மாற்றிக் காட்டும் மென்பொருள். இம்மூன்றில் எது பிழை என்று தெரியாமல் வட்டை எறிந்துவிடுதல், வயிற்றுவலிக்காரனின் பல்லைப் பிடுங்குவதை ஒக்கும்.

முதற் சோதனை மிக எளியது. ஓடுமென்று உறுதியாகத் தெரிந்த வேறொரு டி.வி.டி.யை அதே கணினியில் இட்டுப் பார்க்கவேண்டும். அது ஓடினால் ஐயம் வட்டின்மேற் செல்லும். அதுவும் ஓடாவிடின் ஐயம் கணினியின்மேற் செல்லும். பின்னர், ஓடாத வட்டை அயல்வீட்டுக் கணினியில் இட்டுப் பார்க்கவேண்டும். பாட்டு வட்டாகிய சி.டி.யைக்கொண்டு இச்சோதனையைச் செய்தல் கூடாது. சி.டி.யைப் படிக்கும் லேசர் ஒளியின் அலைநீளம் 780 நனோமீற்றர், டி.வி.டி.யைப் படிப்பதன் அலைநீளம் 650 நனோமீற்றர். ஒன்று தளர்ந்துபோன பின்னரும் மற்றையது நன்றாக வேலைசெய்யக்கூடும். ஆகவே, பாட்டு வட்டு ஓடுகின்றது என்பதனால் டிரைவ் நலமாயிருக்கின்றது என்று முடிவுகட்ட இயலாது. மிகப் பழைய கணினிகளிலோ சி.டி. டிரைவ் மாத்திரமே இருக்கும். அவற்றின் முகப்பில் டி.வி.டி. என்ற எழுத்து உண்டோ என்று முதலிற் பார்த்துக்கொள்வது நன்று.

ஐயம் வட்டின்மேற் சென்றால், அதனை விளக்கொளியிற் சரித்துப் பார்க்கவேண்டும். டி.வி.டி. என்பது, ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒட்டி ஆக்கியது. செய்தி பதிந்திருக்கும் படலம் அவ்விரண்டுக்கும் இடையில் இருக்கின்றது. ஆதலின், அடிப்புறத்திலுள்ள சிறு கீறல் பெரும்பாலும் செய்தியைத் தொடுவதில்லை. ஒளி செல்லும் வழியையே மறைக்கின்றது. கைரேகையும் தூசியும் அவ்வாறே. மெல்லிய பருத்தித் துணியைச் சிறிது நீரில் நனைத்து, நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்கவேண்டும். தட்டுக் கழுவுவதுபோல் வட்டமாகத் துடைத்தல் ஆகாது. செய்தி நடுவிலிருந்து சுருளாகச் சுற்றிச் செல்கின்றது. அச்சுருளின் ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள தூரம் 0.74 மைக்ரோமீற்றர் மாத்திரமே. குறுக்கே விழுந்த கீறலினால் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே இழக்கப்படும். அதனை, பிழைதிருத்தும் கணக்கைக்கொண்டு கருவி தானே நிரப்பிக்கொள்ளும். சுருளோடு ஒத்து வளைந்த கீறலோ தொடர்ச்சியாகச் செய்தியை மறைப்பதால், கருவி திகைத்து நின்றுவிடும். மண்ணெண்ணெயும் தின்னரும் வட்டின் அருகிலும் வரக்கூடாது.

வீட்டிலும் கடையிலும் பதிவுசெய்த வட்டுகளுக்கு மேலும் இரண்டு குறைகள் நேர்வதுண்டு. தொழிற்சாலையில் அச்சிட்ட சினிமா வட்டில் செய்தி குழிகளாக அழுத்தப்பட்டிருக்கும். பதிவுசெய்யும் வட்டிலோ அது ஒரு சாயப் படலத்தில் எரித்து எழுதப்பட்டிருக்கும். வெயிலும் வெப்பமும் அச்சாயத்தைக் கெடுக்கும். யன்னலோரத்து மேசையில் வெயில்படக் கிடந்த வட்டு, ஒரு கீறலுமின்றியே மங்கிப்போகலாம். மற்றைய குறை, பதிவை முடித்து மூடாமல் விடுதல். பதிவுக் கருவியில் இறுதியாகச் செய்யவேண்டிய ‘பைனலைஸ்’ என்னும் செயலைச் செய்யாத வட்டு, பதிந்த கருவியில் ஓடும். பிற கருவிகளில் வெறும் வட்டுப்போலத் தோன்றும். கணினி “வட்டில் ஒன்றுமில்லை” என்று காட்டியபோதிலும், அடிப்புறத்தில் எழுதிய பகுதியும் எழுதாத பகுதியும் இரு நிறமாய்த் தெரியுமாயின், செய்தி உள்ளே இருக்கின்றது என்று அறியலாம். பதிந்த கருவி கிடைக்குமாயின் அதிலேயே முடித்துமூடிவிட்டால், வட்டு எங்கும் ஓடும்.

இனி மூன்றாவதாகிய மென்பொருளுக்கு வரலாம். வட்டைக் கணினியில் இட்டு, ஓடவிடாமல், கோப்புறையைத் திறப்பதுபோல் அதனைத் திறந்து பார்க்கவேண்டும். உள்ளே ‘வீடியோ டி.எஸ்.’ என்ற பெயருடைய கோப்புறை தெரிந்து, அதிலுள்ள கோப்புகளும் திறக்குமாயின் பெரிய ஆறுதல் கொள்ளலாம். வட்டைக் கணினி படிக்கின்றது, காட்டத்தான் தெரியவில்லை. மூதாட்டி ஐயுற்றதுபோல், குறை பெட்டியிலேதான்.

கணினிக்கு ஏன் காட்டத் தெரியவில்லை? டி.வி.டி.யில் உள்ள படம் எம்பெக்-2 என்னும் முறையிற் சுருக்கி வைக்கப்பட்டது. சாதாரண வட்டின் கொள்ளளவு 4.7 கிகாபைற்று, அவ்வாறு சுருக்கினாலன்றி ஒரு முழுக் கலியாணம் அதில் அடங்காது. சுருக்கியதை விரிப்பதற்கு, டிகோடர் எனப்படும் குறிவிலக்கி தேவை. 2001ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் அது சேர்க்கப்பட்டிருக்கவில்லை. தனியே வாங்கிச் சேர்க்கவேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 7இன் பெரும்பாலான பதிப்புகளில் அது இருந்தது. 2012ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 8இல் மீண்டும் நீக்கப்பட்டது. விண்டோஸ் 10இலும் டி.வி.டி. பார்ப்பதற்கெனத் தனிச் செயலியைப் பணங்கொடுத்தே பெறவேண்டியிருந்தது. பழைய கணினியில் ஓடிய வட்டு புதிய கணினியில் ஓடாமைக்குப் பல வீடுகளிற் காரணம் இதுவே. புதியதெல்லாம் பழையதைச் செய்யும் என்று எண்ணுதல் இயல்பு. ஆயினும் இங்கே புதியது பழையதை மறந்துவிட்டது.

இதற்கு மருந்து விலையின்றிக் கிடைக்கின்றது. பாரிஸ் நகருக்கு அருகிலிருந்த பொறியியற் கல்லூரியாகிய எக்கோல் சென்ட்ரலின் மாணவர்கள் 1996ஆம் ஆண்டில் தம் பயிற்சிக்காகத் தொடங்கிய முயற்சியொன்று, 2001ஆம் ஆண்டில் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. வி.எல்.சி. என்பது அதன் பெயர். வீதி திருத்துமிடங்களில் வைக்கும் செம்மஞ்சள் நிறக் கூம்பு அதன் அடையாளம். குறிவிலக்கிகளைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால், விண்டோஸ் மறந்ததை இது செய்துகாட்டும். படம் வந்து ஒலி வராத குறையும் பெரும்பாலும் இதனால் நீங்கும். அதில் ‘ஓப்பின் டிஸ்க்’ என்ற கட்டளையைக் கொடுத்தும் முகப்புப் பட்டியலிலேயே படம் நின்றுவிடுமாயின், ‘நோ டிஸ்க் மெனுஸ்’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, பட்டியலைத் தாண்டி நேராகப் படத்துக்குச் செல்லலாம்.

கடையில் வாங்கிய சினிமா வட்டுகளுக்கு மாத்திரம் உரிய தடையொன்று உண்டு. படநிறுவனங்கள் உலகத்தை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்து வட்டு மற்றொரு வலயத்தில் ஓடாதபடி குறியிட்டன. கனடா முதலாவது வலயம், பிரித்தானியா இரண்டாவது, அவுஸ்திரேலியா நான்காவது, இலங்கையும் இந்தியாவும் ஐந்தாவது. ஒரே வீட்டின் பிள்ளைகள் நான்கு வலயங்களிற் சிதறி வாழ்வதை அப்பங்கீட்டைச் செய்தவர்கள் எண்ணிப் பார்த்திரார். மாமனார் கனடாவிலிருந்து அனுப்பிய படத்தை இட்டதும், “வலயத்தை மாற்றவா?” என்று கணினி கேட்கலாம். விரைந்து ‘ஆம்’ என்று சொல்லிவிடக்கூடாது. 2000ஆம் ஆண்டு தொடக்கம் வந்த டிரைவ்களில் வலயத்தை ஐந்து முறை மாத்திரமே மாற்றலாம். ஐந்தாவது முறை வைத்த வலயமே என்றும் நிலைத்துவிடும். கலியாண வீட்டுப் பதிவுகளிற் பொதுவாக இத்தடை இருப்பதில்லை. ஆதலின், மூதாட்டியின் வட்டுக்காக வலயத்தை மாற்றிப் பார்த்தல் வீண்வேலை.

இவ்வாறு ஒவ்வொன்றாகப் பார்த்துவருகையில், பேரனின் கணினியில் படம் ஓடத் தொடங்குகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்குகின்றது, கூறைச்சேலையோடு மகள் வருகின்றாள், வேட்டி சால்வையோடு பெரியவர் எழுந்து பேசுகின்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குரல் அந்த வீட்டிலே கேட்கின்றது. அத்துடன் எல்லோரும் எழுந்து தேநீர் குடிக்கச் சென்றுவிடலாகாது. வட்டு ஓடுகின்ற அந்த நாளே அதற்குப் பிரதி எடுக்கவேண்டிய நாள். அடுத்தமுறை அது ஓடும் என்பதற்கு எவரும் பிணை நிற்கமாட்டார்.

பிரதி எடுத்தல் கடினமன்று. ‘வீடியோ டி.எஸ்.’ கோப்புறையை அப்படியே கணினிக்குள் இழுத்து வைத்தாற் போதும்; வி.எல்.சி. அதனை அங்கிருந்தே ஓட்டும். கீறலுள்ள இடத்தில் பிரதி தடைப்பட்டு நின்றால், ‘டிடிரெஸ்கியூ’ என்னும் இலவச மென்பொருள் கைகொடுக்கும். அது படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கடினமான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயலும். புதிய மடிகணினிகள் பலவற்றில் டி.வி.டி. டிரைவே இல்லை. யூ.எஸ்.பி. வழியாக இணைக்கும் டிரைவ் ஒன்றை ஊரார் சிலர் சேர்ந்து வாங்கினால், ஒரு வீதியின் வட்டுகள் அனைத்தையும் ஒரு பாடசாலை விடுமுறைக்குள் காப்பாற்றிவிடலாம். இங்கே சொல்லப்படுவது சொந்த வீட்டுப் பதிவுகளைப் பற்றியே. பிறர் படைத்த படங்களின் உரிமை அவர்களுக்கே உரியது.

ஒரே பிரதியை ஓரிடத்தில் மாத்திரம் வைத்திருப்பதன் ஆபத்தை யாழ்ப்பாணத்தவருக்கு எடுத்துரைக்கவேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, தொட்டால் உதிரும் சுவடிகளைத் தேடித் திரிந்து அச்சேற்றியமையாற்றான் பழந்தமிழ் நூல்கள் சில இன்று கைக்குக் கிடைக்கின்றன. 2005ஆம் ஆண்டு தொடக்கம் நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அதே நோக்கத்தோடு பேணி வருகின்றது. ஊரின் நூல்களுக்கு அவ்வாறு காப்பாளர் உளர். ஒரு வீட்டின் குரலுக்குக் காப்பாளர் அந்த வீட்டாரே.

ஆகவே, உடுவிலிலும் உடுவில் போன்ற ஊர்களிலும் உள்ள நேயர்கள், அலுமாரியின் மூலையிற் கிடக்கும் வட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். ஓடாவிடின் வட்டை, டிரைவை, மென்பொருளை முறையே சோதியுங்கள். ஓடினால், ஒரு பிரதியை வீட்டிலும், மற்றொன்றைக் கடல்கடந்த மகளிடமும் இருக்கச் செய்யுங்கள். சைக்கிள் சில்லைச் சுற்றி வானொலி கேட்ட கைகளுக்கு இவ்வளவு பொறுமை புதிதன்று.