மரியான் நோர்த்தும் எங்கள் பாலையும்



திருகோணமலையின் பாலையூற்றிலே நின்றுகொண்டு இன்று ஓர் ஆங்கிலேயச் சீமாட்டியைப் பற்றிப் பேசப்போகிறேன். பெயர் மரியான் நோர்த். 1830ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் ஊரிலே பிறந்தவர். தகப்பனார் பாராளுமன்ற உறுப்பினர். நிலபுலம் நிறைந்த பழைய பிரபுக் குடும்பம். 1798இல் இலங்கைக்கு முதல் பிரித்தானிய ஆளுநராக வந்தாரே பிரெடரிக் நோர்த், அவரும் அந்த வம்சத்தின் இன்னொரு கிளைதான்.

1855இல் தாயார் கண்மூடும்போது, தகப்பனை விட்டுப் போகமாட்டேன் என்று மகள் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கைக் காத்தார். 1869இல் தகப்பனும் போய்விட்டார். கலியாணம் இல்லை, பிள்ளை இல்லை, வயது நாற்பதை நெருங்குகிறது. அந்தக் காலத்து உறவினர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் விளக்கத் தேவையில்லை. இந்த அம்மையார் 1871இல் தூரிகைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினார். அமெரிக்கா, ஜமேக்கா, பிரேசில், ஜப்பான், சரவாக், ஜாவா என்று போய், 1876இன் கடைசியில் இலங்கைக்கு வந்தார்.

பேராதனைத் தோட்டத்தை அப்போது நடத்தியவர் துவெயிட்ஸ். அங்கே றப்பர் மரச் சாலையையும், ஒரேயொரு முறை பூத்துவிட்டுப் பட்டுப்போகும் தாளிப்பனையையும் மரியான் வரைந்தார். பிறகு களுத்துறையில் ஜூலியா மார்கரெட் கமரனின் வீடு. உலகப் புகழ்பெற்ற அந்தப் படப்பிடிப்பாளர் இவரைச் சும்மா விடுவாரா? மத்தியான வெயிலில், வெப்பமானி 96 பாகை பரன்ஹைட் காட்டும் நேரத்தில், கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையிலே குத்த நிற்கவைத்து, இயல்பாக இருங்கள் என்று சொல்லிப் படம் பிடித்தார். தன்னுடைய நினைவுக்குறிப்பிலே இதை மரியானே எழுதிவைத்திருக்கிறார்.

அந்தக் காலத்தில் தாவரப் படம் என்றால் ஒரு முறை இருந்தது. கிளையை ஒடித்து வந்து, மேசையில் வைத்து, வெள்ளைத் தாளில் நீர்வண்ணத்தால் தீட்டுவார்கள். செடி தனியாக நிற்கும். மண் இல்லை, வெயில் இல்லை. மரியான் எண்ணெய் வண்ணத்தை எடுத்துக்கொண்டு செடி நிற்கும் இடத்துக்கே போனார். பின்னாலே மலை தெரியும், பக்கத்தில் பூச்சி பறக்கும், அந்த ஊர் வானம் இருக்கும். சரவாக்கில் அவர் தீட்டிய ஒரு குடுவைச் செடியின் படத்தைப் பார்த்துவிட்டு, லண்டன் நாற்றுத்தோட்டக்காரர்கள் அதைத் தேடி ஆளை அனுப்பினார்கள். செடி அகப்பட்டது. அறிவியலுக்கு அது புதிய இனம். லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த சர் ஜோசப் ஹூக்கர் அதற்கு நெபெந்தஸ் நோர்தியானா என்று பெயர் வைத்தார். படம் முதலில், பெயர் பிறகு. பிள்ளைகளே, பார்த்துப் பார்த்து வரைந்த ஒரு படம் அறிவியலுக்குச் சாட்சியாக நின்றது என்பதைத்தான் நீங்கள் இன்று மனதிலே பதிக்கவேண்டும்.

1879இல் அவர் ஹூக்கருக்குக் கடிதம் எழுதினார்: என் படங்களைத் தருகிறேன், கியூ தாவரவியல் பூங்காவில் மண்டபத்தையும் என் செலவிலேயே கட்டித் தருகிறேன். வருகிறவர்களுக்குத் தேநீரும் கோப்பியும் கொடுக்கவேண்டும் என்றும் கேட்டார். ஹூக்கர் அதற்கு மட்டும் இணங்கவில்லை. மரியான் என்ன செய்தார் தெரியுமா? தேயிலைச் செடியையும் கோப்பிச் செடியையும் கதவுகளுக்கு மேலே தீட்டிவைத்துவிட்டார். 1882இல் திறந்த அந்த மண்டபத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள், நாடு நாடாக அடுக்கியபடி, இன்றும் இருக்கின்றன. கீழ்ச்சுவரிலே 246 வகை மரப் பலகைகள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இந்த அம்மையாருக்குப் பணம் இருந்தது, ஆளுநர் மாளிகைகளின் கதவு திறந்திருந்தது. அதே பேராதனையில், அவர் வருவதற்குப் பல்லாண்டு முன்பிருந்தே, ஹர்மானிஸ் டி அல்விஸ் என்ற இந்த நாட்டு ஓவியர் சம்பளத்துக்கு இருந்து செடிகளை வரைந்தார். அவருடைய பிள்ளைகள் வரைந்த வண்ணத்துப்பூச்சிப் படங்கள் இலங்கைப் பூச்சிகள் பற்றிய பெரிய நூலிலே அச்சேறின. அவர்களுக்கு யாரும் மண்டபம் கட்டவில்லை. மரியானைப் போற்றுகிற நாக்கு டி அல்விஸ் குடும்பத்தையும் சொல்லியாகவேண்டும்.

இனி நம்மூருக்கு வருகிறேன். 1883இல் மரியான் சீசெல்ஸ் தீவுகளுக்குப் போனார். அங்கே கப்பூசின் என்று ஊரார் அழைத்த ஒரு மரத்தை வரைந்தார். அதைத் தனிப் பேரினம் என்று கண்டு, அவர் நினைவாக நோர்தியா என்று பெயர் சூட்டினார் ஹூக்கர். அந்த மரம் எந்தக் குடும்பம்? இலுப்பைக் குடும்பம். நம்முடைய பாலை மரம் எந்தக் குடும்பம்? அதே இலுப்பைக் குடும்பம். மரியானின் பெயரைத் தாங்கிய மரத்துக்கு இந்த மண்ணிலே சொந்தக்காரர் இருக்கிறார் ஐயா!

பாலைப்பழம் தின்னாத பிள்ளை இங்கே இருக்கிறதா? காலம் வந்தால் வீதியோரம் சுண்டால் அளந்து விற்கிறார்கள். தின்று முடிந்தால் உதட்டிலே பால் ஒட்டிப் பிசுபிசுக்கும். ஆனால் பாலை இலையின் நுனி எப்படி இருக்கும் என்று கேட்டால் எத்தனை பேர் கை தூக்குவீர்கள்? கூராக இருக்காது. நடுவிலே நகத்தால் கிள்ளி எடுத்ததுபோல் சிறிதாக உள்வாங்கியிருக்கும். மேற்பக்கம் கடும்பச்சை, அடிப்பக்கம் வெளிறல். வரைய உட்கார்ந்தால்தான் இது கண்ணிலே படும். சாவண்டலை மரத்தை எடுங்கள். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பெயரே திருகோணமலை மரம். சென்னைக் கரையிலே அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலாப் படகுகளை அந்தப் பலகையால் கட்டினார்கள். நம் ஊர்ப் பெயரைச் சுமந்த மரத்தை நம் பிள்ளை அடையாளம் காட்டத் தெரியாமல் வளர்வது எனக்குத் தாங்கவில்லை.

ஆகையால் இந்தச் சபையிடம் ஒன்று கேட்கிறேன். வருகிற தவணை விடுமுறையில் பிள்ளைகளை வாசிகசாலைக்கு அனுப்புங்கள். தாளும் பென்சிலும் நாங்கள் தருவோம். பாலை, வீரை, சாவண்டலை, குடாக்கரைக் கண்டல் எல்லாவற்றையும் நிற்கிற இடத்திலேயே போய் வரைவோம். ஒவ்வொரு தாளிலும் இடமும் திகதியும் இருக்கவேண்டும். செடியின் பெயரைப் புத்தகத்தில் பார்த்து எழுதுவதற்கு முன், வீட்டிலே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நடக்க முடிந்த அம்மம்மாமார் கூடவே வந்தால் இன்னும் நல்லது. நிழலிலே கதிரை போட்டுக் கொடுப்போம்.