பால்மரத்தில் ஒரு படிப்பு மேசை

(பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர் ஆற்றிய உரை)

 

உளி பிடித்த கை இது. ஒலிபெருக்கி பிடிக்கத் தெரியாது. பேச்சில் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வந்திருக்கும் தாய்மார்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளை வீட்டில் எங்கே உட்கார்ந்து பாடம் எழுதுகிறது? தரையில் குப்புறப் படுத்துக்கொண்டா? துணி தேய்க்கும் பலகை மேலா? சாப்பாட்டு மேசை என்றால், குழம்புச் சட்டி வரும்போது புத்தகம் எழுந்து போக வேண்டும். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மா ஒருவர் சிரிக்கிறார். அவர் வீட்டுக் கதையும் இதுதான் போலிருக்கிறது.

"கடையில தவணைக்கு ஒரு மேசை எடுத்துட்டா போச்சு" என்று சிலர் சொல்வார்கள். எடுக்கலாம். ஆனால் அந்த மலிவு மேசைகளில் பாதி, மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே மரம் மாதிரி தாள் ஒட்டியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் அது பொரி மாதிரி உப்பிவிடும், திருகாணியும் பிடிக்காது. 2021 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் வீட்டு வாசல்களில் குவிந்து கிடந்ததைப் பார்த்தோமே, அதில் எத்தனை பிள்ளைகளின் மேசை இருந்தது! ஆகவே இன்று நான் சொல்லப்போகும் மேசையை, ஆணியும் பசையும் இல்லாமல் கால் பகுதியைப் பூட்டி, இரண்டு ஆப்பைத் தட்டினால் கழன்று வருகிற மாதிரி செய்வோம். வெள்ளம் வருது என்றால் பிரித்து அலமாரி மேலே ஏற்றிவிடலாம்.

மரத்துக்கு எங்கே போவது? நம் ஆட்கள் உடனே சொல்வார்கள், "நமக்குத்தான் பால்மரம் இருக்கே!" இருக்கிறது. ஆனால் இங்கேதான் நான் சின்ன வயதில் அடிபட்டேன். எனக்கு இருபது வயது இருக்கும். தோட்டத்தில் பழைய மரங்களை வெட்டி மறு நடவு செய்துகொண்டிருந்தார்கள். ஒரு மரத்தைக் கேட்டு வாங்கி, பச்சையாகவே அறுத்து, ஆணி அடித்து அழகான பெஞ்சு ஒன்று செய்தேன். ஒரு வாரத்தில் பலகையில் கருநீலக் கோடுகள் ஓடின. சில மாதத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள் தெரிந்தன. காலையில் பெருக்கினால் கீழே மாவு மாவாக இருக்கும். தீபாவளிக்கு வந்த மாமா அதில் உட்கார்ந்தார். மாமாவும் பெஞ்சும் சேர்ந்தே தரைக்கு வந்தார்கள். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் இன்றுவரை அவர் நான் செய்த நாற்காலியில் உட்காருவதில்லை.

ஏன் அப்படி ஆனது? பாலைப் பற்றி நமக்குத் தெரிந்த அளவு மரத்தைப் பற்றித் தெரியாது. பால் ஓடுவது பட்டையில். உள்ளே இருக்கும் கட்டையில் மாவுச்சத்தும் சர்க்கரையும் நிறைந்திருக்கின்றன. அதனால் வெட்டிய சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், பின்னால் மரம் துளைக்கும் வண்டு வரும். 1877-ல் இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது முதல் நூறு வருடம் போல, வயதான பால்மரம் என்றால் விறகு என்றுதான் எண்ணினார்கள். ரப்பர் பாளத்துக்குப் புகை போட எரித்தார்கள், செங்கல் சூளையில் எரித்தார்கள். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் ஆராய்ந்த பிறகுதான் வழி பிறந்தது. மரத்தை வெட்டிய கையோடு அறுத்து, போராக்ஸ் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து உள்ளே ஏற்றி, சூட்டறையில் காய வைக்கிறார்கள். அப்படிச் செய்த மரம்தான் இன்று மூவாரிலிருந்து நாற்காலியாக, மேசையாக உலகமெல்லாம் போகிறது. நம் தாத்தா பாட்டிகள் இருபத்தைந்து, முப்பது வருடம் பால் வெட்டி முடித்த மரம் அது.

ஆகவே தோட்டத்தில் விழுந்த பச்சை மரத்தில் மேசை செய்யாதீர்கள். மேலே வண்ணம் பூசினாலும் உள்ளே இருக்கும் வண்டு சாகாது. மருந்து ஏற்றிக் காய்ந்த பால்மரப் பலகை, சின்னச் சின்னத் துண்டுகளை விரல் கோத்த மாதிரி ஒட்டிய பலகை, மரக்கடைகளில் கிடைக்கும். முக்கால் அங்குல கனம் போதும். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். அந்த மருந்து மழையில் கரைந்து போகும். பால்மரச் சாமானை வீட்டுக்குள்ளேதான் வைக்க வேண்டும். துணி துவைக்கும் இடத்தில் போட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

பண்டமாரானில் இருக்கும் நமக்கு இன்னொரு வசதி, துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது. பழைய ஆட்கள் இன்னும் அதைச் சுவெட்டன்ஹாம் என்றுதான் சொல்வார்கள், 1972-ல் பெயர் மாறியும்கூட. சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள், நாம் பாலெட் என்கிறோமே, அவை உடைந்து வெளியே வரும். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் எடுக்க வேண்டாம். பக்கவாட்டில் சூடு போட்ட முத்திரை இருக்கும். கோதுமைக் கதிர் படம் ஒன்று, நாட்டுக்கு இரண்டு எழுத்து, பிறகு இன்னும் இரண்டு எழுத்து. அந்தக் கடைசி எழுத்து எச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்துப் பூச்சியைக் கொன்றிருக்கிறார்கள் என்று பொருள். அதை எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் நச்சுவாயு அடித்தது. பிள்ளை கை வைக்கும் மேசைக்கு அது வேண்டாம். முத்திரை இல்லாததும், எண்ணெய்க் கறை பட்டதும், வாடை அடிப்பதும் வேண்டாம். ஆணியை நெம்பினால் பலகை பிளக்கும். இரும்பறுக்கும் வாளைப் பலகை இடுக்கில் விட்டு ஆணியை அறுத்துவிடுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். சம்மணம் போட்டு உட்காரும் தரைமேசை இது. அந்தக் காலத்தில் செட்டியார் கிட்டங்கிகளில் தரையில் உட்கார்ந்து, முன்னால் பெட்டி வைத்துக் கணக்கு எழுதினார்களே, அதே உட்காரல்தான். நாற்காலிச் செலவு மிச்சம்.

மேல்பலகை 30 அங்குல நீளம், 16 அங்குல அகலம். பக்கப் பலகை இரண்டு, அகலம் 14 அங்குலம். உயரத்துக்குப் பிள்ளையை உட்கார வைத்து அளந்துகொள்ளுங்கள். முழங்கால் மேலே இடிக்கக் கூடாது, தோளைத் தூக்கி எழுதவும் கூடாது. பெரும்பாலும் 10 அங்குலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பக்கப் பலகைகளை இணைக்க ஒரு குறுக்குக் கட்டை, 4 அங்குல அகலம், 28 அங்குல நீளம். இதற்கு பாலெட் பலகை போதும், ஆனால் முக்கால் அங்குல கனத்துக்கு இழைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டையின் இரண்டு முனையிலும் நாக்கு மாதிரி விட வேண்டும். கழுந்து என்போம். நீளம் இரண்டே முக்கால் அங்குலம், அகலம் 2 அங்குலம். மேலும் கீழும் ஒவ்வொரு அங்குலம் வெட்டி எடுத்தால் அதுவே தோள். பக்கப் பலகையில் அதே அளவுக்குத் துளை. துளையை நடுவில் போடாதீர்கள், கால் இடிக்கும். பிள்ளைக்கு எதிர்ப்பக்கம் தள்ளிப் போடுங்கள். முதலில் டிரில்லால் ஓட்டை போட்டு, பிறகு உளியால் இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி வெட்டுங்கள். ஒரே பக்கமாக வெட்டினால் மறுபக்கம் சில்லு சில்லாகப் பெயரும்.

உளி கூர் இல்லாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது. தோட்டத்துப் பெற்றோர்களே, இதில் நீங்கள் எனக்கே குரு. கட்டையைத் தொட்டுவிடாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுகிற கை உங்களுடையது. பால் வெட்டும் கத்தியைக் கல்லில் தீட்டுகிற அதே பொறுமை உளிக்கும் போதும்.

கழுந்து துளைக்குள் நுழைந்து 2 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே ஆப்புக்கு அரை அங்குல ஓட்டை. இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறுவார்கள். ஓட்டை பக்கப் பலகையின் முகத்தை ஒட்டித் தொடங்கக் கூடாது. அரைக்கால் அங்குலம் பலகைக்குள்ளேயே தொடங்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு பலகையை அழுத்தி இழுக்கும். முகத்தோடு சரியாக நின்றால் ஆப்பு சும்மா இருக்கும், மேசை ஆடும். ஓட்டைக்கு அந்தப்புறம் மரம் நிறைய விடுங்கள், குறைந்தால் ஆப்பு அடிக்கும்போது முனை பிளந்து தெறிக்கும். ஆப்புக்குக் கெம்பாஸ், பாலாவ் மாதிரி கெட்டி மரத்துண்டு நல்லது. 8 அங்குலத்துக்கு 1 அங்குலம் குறைகிற சாய்வு போதும். மரச்சுத்தியலால் இரண்டு தட்டு. ஓங்கி அடிக்காதீர்கள்.

மேல்பலகையைப் பிடிக்க, பக்கப் பலகையின் உள்பக்கம் மேல் விளிம்பில் முக்கால் அங்குலச் சட்டம் ஒன்று திருகாணியால் பூட்டி, அதன் வழியாகக் கீழிருந்து மேல்பலகைக்குத் திருகாணி போடுங்கள். சட்டத்தில் வட்ட ஓட்டை வேண்டாம், அகலவாக்கில் நீண்ட ஓட்டையாகப் போடுங்கள். மரம் நீளத்தில் அசையாது. ஆனால் மழைக்காலத்தில் அகலத்தில் விரியும், வெயிலில் சுருங்கும். இறுக்கிப் பிடித்தால் பலகை வெடிக்கும். திருகாணி ஒன்றேகால் அங்குலம். நான் ஒரு தடவை ஒன்றேமுக்கால் போட்டுவிட்டு மேசை மேல் நான்கு முள் முளைத்ததைப் பார்த்தேன். வெள்ளம் வந்தால் திருகாணி நாலையும் கழற்றி, ஆப்பைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது.

விளிம்பையெல்லாம் உப்புத்தாளால் மழுக்குங்கள். இந்த வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள், முகமூடி கட்டிவிட்டு. தண்ணீரில் கரையும் வார்னிஷ் இரண்டு பூச்சு பூசி, அடிப்பக்கத்தையும் மறக்காமல் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் பலகை வளையும்.

நான் செய்த மேசை ஒன்றை மண்டபத்து வாசலில், பரிசுப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் வந்து ஆப்பைத் தட்டிக் கழற்றிப் பாருங்கள். திரும்பப் பூட்டத் தெரியாவிட்டால் கூப்பிடுங்கள், நான் அங்கேதான் நிற்பேன்.