திரும்பி வந்த சிப்பாய்க்கு எந்தத் தெரு?

(ஒரகடத்தில் தொழிலாளர்களுக்காக நடந்த திரைப்பட உரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருக்கும் தோழர்களுக்குத் தனியாக நன்றி. சுருக்கமாகப் பேசிவிடுகிறேன்.

'அமரன்' படத்தைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. இந்தப் பகுதித் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அதனால் படம் வந்த நாட்களில் சுங்குவார்சத்திரத்திலும் வல்லத்திலும் அறை எடுத்துத் தங்கியிருக்கும் தோழர்கள் பலரிடம் பேசினேன். படம் வெளியானது 2024 அக்டோபர் 31, தீபாவளி அன்று. சாம்சங் தொழிலாளர்களின் 37 நாள் வேலைநிறுத்தம் முடிந்து அப்போது இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கதை உங்களுக்குத் தெரியும். மேஜர் முகுந்த் வரதராஜன் 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் சோபியான் மாவட்டத்தில் நடந்த சண்டையில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு குடியரசு நாளில் அவருக்கான அசோக சக்ரா விருதை அவருடைய துணைவியார் இந்து ரெபேக்கா வர்கீஸ் பெற்றுக்கொண்டார். இருவரும் சந்தித்தது பக்கத்தில் இருக்கிற தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில். இயக்குநர் ராஜ்குமார் பெரியசாமி கதையை இந்துவின் நினைவுகளாகவே சொல்கிறார். ஆகவே இதைப் போர்ப்படம் என்பதைவிடக் காதல் படம் என்றே பலரும் பார்த்தார்கள்.

ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் தோழர்கள் சாய் பல்லவியைப் பற்றித்தான் பேசினார்கள். "போன் அடிக்குமா அடிக்காதான்னு அவங்க பாக்குற மாதிரிதான் எங்கம்மா பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் ஒருவர். ஆண் தோழர்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். "செத்தா கொடி போத்துறாங்க, குடும்பத்துக்குப் பென்ஷன் வருது. இங்க விரல் போனாலே காண்ட்ராக்டர் போன எடுக்க மாட்டான்." இதைச் சொன்னவர் மூன்று ஆண்டுகளாக ஒரே லைனில் நின்று இன்னும் நிரந்தரம் ஆகாதவர். இன்னொரு கருத்தும் இருந்தது. காஷ்மீர் மக்கள் படத்தில் மனிதர்களாக வரவில்லை என்று எஸ்.டி.பி.ஐ. கட்சி சென்னையில் போராடியது. தன் அறையில் எல்லோரும் படத்துக்குக் கிளம்பியபோது தனக்கு மட்டும் போக மனம் வரவில்லை என்றார் ஓர் இஸ்லாமியத் தோழர். மற்றவர்கள் காரணம் கேட்கவும் இல்லை.

அதிகச் சண்டை நடந்தது வேறு விஷயத்தில். முகுந்த் பார்ப்பனக் குடும்பத்தில் பிறந்தவர், அதை ஏன் படத்தில் காட்டவில்லை என்று சமூக ஊடகங்களில் சிலர் கேட்டார்கள். முகுந்த் தன்னை இந்தியன் என்று சொல்லிக்கொள்ளவே விரும்பியவர், அப்படியே காட்டுங்கள் என்று அவருடைய பெற்றோர் கேட்டுக்கொண்டதாக இயக்குநர் விளக்கம் சொன்னார். மகனைப் பறிகொடுத்த பெற்றோரின் அந்த விருப்பத்தை நான் மதிக்கிறேன். மதம் கடந்து மணந்துகொண்ட இருவரையும் மதிக்கிறேன்.

ஆனால் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. திரையில் சாதியை மறைக்காதே என்று நாமும்தானே இத்தனை காலமாகச் சொல்லிவருகிறோம்? அப்படியானால் நாமும் அவர்களும் ஒரே கட்சியா? இதை என்னிடம் கேட்டவர் ஓர் அப்ரண்டிஸ் தம்பி. அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்று முயன்று பார்க்கிறேன்.

அவர்கள் கேட்பது ஒருவருடைய வீரத்தில் தம் சாதிக்குப் பங்கு. நாம் கேட்பது, சாதி ஒரு மனிதனை எங்கே மறிக்கிறதோ அந்த இடத்தைக் காட்டச் சொல்லி. முகுந்தின் காதலுக்கும் வீட்டில் எதிர்ப்பு இருந்தது, பேசினார்கள், கரைந்தது. உடுமலை சங்கரும் கௌசல்யாவும் காதலித்தார்கள். 2016 மார்ச் 13 அன்று பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். முதல் கதையைச் சாதியைச் சொல்லாமலே எடுத்துவிடலாம். இரண்டாவது கதையில் சாதியை எடுத்துவிட்டால் எதற்காகக் கொன்றார்கள் என்பதே புரியாது.

சிப்பாய்க்குச் சாதி இல்லை என்கிறார்கள். முகுந்த் அதிகாரியாகச் சேர்ந்த படைப்பிரிவின் பெயர் ராஜ்புத் ரெஜிமென்ட். ஜாட், மகர் என்று சாதிப் பெயரிலேயே இன்றும் ரெஜிமென்டுகள் இருக்கின்றன. இருந்தாலும் ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பட்டாளம் ஒரு கதவாக இருந்திருக்கிறது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். கேள்வி, அந்தக் கதவு வழியாகப் போனவர் திரும்பி வரும்போது என்ன நடக்கிறது என்பதுதான். நம் காதல் படங்களில் திரும்பி வருகிற வீரன் காதலியிடம்தான் வருகிறான். மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' விமானி பாகிஸ்தான் சிறையிலிருந்து தப்பி அப்படித்தான் வந்தான். அவன் எந்தத் தெருவுக்குத் திரும்பினான் என்ற கேள்வியே அங்கே எழாது.

தியாகி இம்மானுவேல் சேகரன் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து திரும்பியவர். திரும்பி வந்து முகவை மாவட்டத்தில் தீண்டாமைக்கு எதிராக மக்களைத் திரட்டினார். 1957 செப்டம்பர் 10 அன்று முதுகுளத்தூரில் நடந்த அமைதிக் கூட்டத்தில் நம் மக்களின் பிரதிநிதியாக, மற்றவர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார். மறுநாள் பரமக்குடியில் கொல்லப்பட்டார். வயது 32. இன்று என் வயதும் அதுதான். 2010இல் அவருக்கு அஞ்சல் தலை வந்தது. தீபாவளிக்கு வெளியாகும் பெரிய படமாக அவர் கதையை நான் பார்த்ததில்லை.

ஒரகடத்தில் திரும்பி வந்த ராணுவ வீரரை எங்கே பார்க்கலாம்? கம்பெனி கேட்டில். நம் பையைச் சோதிக்கிற செக்யூரிட்டிகளில் பலர் முன்னாள் ராணுவத்தினர். என் பெரியப்பாவும் அப்படி ஒரு கேட்டில் 11 ஆண்டுகள் நின்றவர். மெட்ராஸ் சாப்பர்ஸில் 17 ஆண்டு இருந்துவிட்டு 1989இல் ஊருக்கு வந்தார். கையில் இருந்த பணத்தில் ஊர்த்தெருவில் ஒரு மனை பேசி முடித்தார். நான்காம் நாள் அட்வான்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். "மிலிட்டரிக்காரருக்குக் கொடுக்கலாம்னுதான் இருந்தோம், தெருவுல ஒத்துக்கல" என்றார்களாம். இன்று அதே மனையில் லைன் வீடு கட்டி வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தெரு அதற்கு ஒத்துக்கொண்டது. பெரியப்பா காலனியில்தான் வீடு கட்டினார்.

போன மாதம் அவரை உட்காரவைத்து 'அமரன்' போட்டுக் காட்டினேன். முகுந்தை மரியாதையோடு பார்த்தார். "நல்ல ஆபீசர்" என்றார். கடைசிக் காட்சியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தம்பி என்னிடம் கேட்ட கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். "உங்க கதையப் படமா எடுத்தா சாதியச் சொல்லலாமா பெரியப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "எங்க யூனிட்ல எல்லாரும் ஒரே லங்கர்லதான் சாப்பிட்டோம். அது வரைக்கும் சொல்ல வேணாம். ஊருக்கு பஸ் ஏறுன பிறகு சொல்லு" என்றார்.

தம்பிக்கு என் பதிலும் அதுதான்.