தேய்ந்து முடியும் கட்டுரை



பள்ளித் தேர்வு அறை. மழைநீர் சேகரிப்பு பற்றிக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். வினாத்தாளை வாங்கிய கையோடு மாணவர் ‘முன்னுரை’ என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடு போடுகிறார். நீரின் பெருமை ஒரு பக்கத்துக்குப் பொங்கி வழிகிறது. அடுத்த பக்கத்தில் வேகம் தணிகிறது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில், ‘எனவே நாம் அனைவரும் மழைநீரைச் சேமிப்போமாக’ என்று முடிவுரை. மொட்டைமாடித் தண்ணீர் எப்படிக் கிணற்றுக்குப் போகிறது என்று கடைசிவரை ஒரு வரி கிடையாது.

இதற்குத் தமிழில் பெயரே இருக்கிறது: சென்று தேய்ந்து இறுதல். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. அவற்றில் இது ஒன்று. சொன்னதையே திரும்பச் சொன்னால் கூறியது கூறல். எடுத்த பொருளை விட்டு இன்னொன்றை வளர்த்தால் மற்றொன்று விரித்தல். பத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற மாணவரே, கட்டுரை எழுதும்போது அவற்றில் மூன்றையாவது செய்துவிட்டு வருவதுதான் வேடிக்கை.

கோளாறு மொழியறிவில் இல்லை. தலைப்பு கிடைத்ததுமே, சொல்ல விஷயம் கிடைத்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. ‘குழாய் பதித்ததோடு வேலை முடியவில்லை, மழைக்கு முன் வடிகட்டியைச் சுத்தம் செய்தால்தான் பயன்’ என்று ஒருவர் முதலில் தீர்மானித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாதிக் கட்டுரை தயார். நூறு சதுர மீட்டர் மாடியில் பத்து மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஆயிரம் லிட்டர். தொடங்க இந்தக் கணக்கே போதும். பிறகு இறங்குகுழாய், கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய வடிகட்டி, அதில் அடைத்துக்கொண்ட வேப்பஞ்சருகு, கடைசியில் கிணறு. தண்ணீர் போகிற வழியிலேயே பத்திகளும் போய்விடும். நீரின் பெருமைக்கு அங்கே இடமில்லை. அதை அடித்துவிடத் துணிவு வேண்டும்.

யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வின் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், தமிழிலும் எழுதலாம். கடிகாரத்தைப் பார்த்துப் பலர் பதறுகிறார்கள். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் கால்மணியைக் குறிப்பெடுக்க ஒதுக்குவது வீண்செலவு ஆகாது. வழி தெரியாமல் எழுதி, நடுவில் இரண்டு பக்கத்தை அடிப்பதற்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

வீட்டில் எழுதுகிறவருக்கு மணி அடிக்கிற கவலை இல்லை. பிரான்சில் மோந்தேன் என்பவர் 1580-இல் தம் கட்டுரைத் தொகுப்பை வெளியிட்டபோது வைத்த பெயர் ‘எஸ்ஸே’. ‘முயற்சிகள்’ என்று பொருள். 1588-இல் வந்த பதிப்பின் ஓரங்களிலும் அவர் சேர்த்தும் அடித்தும் எழுதிக்கொண்டே இருந்தார். 1592-இல் அவர் இறந்த பிறகுதான் அந்தத் திருத்தம் நின்றது. அந்தப் பிரதி இன்றும் போர்தோ நகர நூலகத்தில் இருக்கிறது.

அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வராது. எழுதிய கட்டுரையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், நேயர்களே. மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை வெட்டுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர் கைபேசியை எடுக்கிற இடத்தில் பத்தியையே வெட்டுங்கள்.