வாயைத் திறந்து சொல்லுங்கள்

வழமையாக வரிக் கணக்குப் பற்றிப் பேசுகிறவன் இன்று பல் வைத்தியம் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் என் மாமி.

மாமிக்கு வயது 74. மேலும் கீழும் பொய்ப்பல். லண்டனுக்கு வந்து பன்னிரண்டு வருடமாகியும் பல் வைத்தியரிடம் போனதில்லை. "பல்லே இல்லாதவளுக்கு என்னத்துக்குத் தம்பி பல் டொக்டர்?" என்பார். பொய்ப்பல் உரசுகிறது என்று சொன்னதால்தான் போன வருடம் ஒருநாள் கூட்டிக்கொண்டு போனேன்.

படிவத்தை நிரப்பியது நான். புகைப்பதுண்டா? இல்லை. மது? இல்லை. கணக்குச் சரி என்று நீட்டிவிட்டேன். வெற்றிலை பற்றி அந்தத் தாளில் கேள்வியே இல்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாமியோ நாற்பது வருடமாகச் சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலை போடுகிறவர்.

நல்லகாலம், வைத்தியர் தாளோடு நிற்கவில்லை. பொய்ப்பல்லைக் கழற்றச் சொல்லி, நாக்கைத் துணியால் பிடித்து இரு பக்கமும் பார்த்தார். நாக்கின் அடி, கன்னத்தின் உட்புறம், அண்ணம் எல்லாம் பார்த்து, கழுத்தையும் தடவினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. மாமி வெற்றிலையை அடக்கி வைக்கும் அதே கன்னத்தில் ஒரு வெள்ளைப் படலம். வலியில்லை, மாமிக்கே தெரியாது. வைத்தியசாலையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய் இல்லை; ஆனால் அப்படி மாறக்கூடியதாம். தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். வெற்றிலைத் தட்டம் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. மாமிக்கு என்மேல் இன்னும் கோபம்.

"புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குத்தானே" என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2003 இல் கூடி, புகையிலை இல்லாத வெற்றிலைக்கூட்டும், பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு செய்தது. பாக்கு கன்னத்தின் உட்தசையை இறுக வைப்பதும் உண்டு. காரம் பட்டால் எரியும். வரவர வாய் முழுதாகத் திறக்காது.

கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், 1996 இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். மருத்துவம் படிக்காத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, மக்களின் வாய்க்குள் பார்க்கச் செய்தார்கள். வெளிச்சமும் கண்ணும்தான் கருவி. புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2005 இல் முடிவு வெளிவந்தது. என்னைப் போன்ற பி.கொம். காரருக்கே பழக்கலாம் என்றால், கதிரையும் விளக்கும் வைத்திருக்கும் பல் வைத்தியருக்கு எவ்வளவு சுலபம்!

மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், சிவப்பு அல்லது வெள்ளைப் படலம், காரணம் தெரியாத கட்டி இருந்தால் வலிக்கும்வரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். பல் இல்லாதவர்களும்தான். வெற்றிலை போடுவதை நீங்களாகவே சொல்லுங்கள். ஆங்கிலத்தில் பெயர் வராவிட்டால் ஒரு பாக்கைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாமிக்கு அடுத்த தவணை வரும் மாதம். கூட்டிப் போவது நான்தான். படிவம் தந்தால் இம்முறை ஓரத்திலாவது எழுதிவிடுவேன்.