முதலிடம் எந்தப் பாட்டுக்கு?



ஹற்றனில் ஒரு மாலை. அடைமழைக்கு ஒதுங்கிய நண்பர்கள் மூவர் தேநீர்க் கடையில் இருந்தோம். ஈழத்துப் பொப் பாடல்களில் முதலிடம் எதற்கு என்று பேச்சு எழுந்தது. சினிமாப் பாட்டே பாட்டு என்றிருந்த 1970களில், கிட்டாரும் பைலாத் தாளமுமாக வேறு வழியில் புறப்பட்டவை அவை. எங்களுக்கோ லயத்து வானொலி தந்த முதுசொம்.

கணித ஆசிரியர் நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' என்றார். யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழி கூச்சமின்றி மேடையேறிய பாட்டல்லவா! நான் விடவில்லை. 2018இல் மறைந்த ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யை முன்வைத்தேன். சிங்களமும் தமிழும் கைகோத்த அப்பாட்டைச் சுற்றுலா பஸ்ஸில் பாடாத பிள்ளை உண்டா?

"அது கைதட்டுப் பாட்டு, சேர்" என்றார் கணிதம். தமிழ் படிப்பிக்கும் எனக்கே பாடம்!

மூன்றாமவர் காமன் கூத்துக்குத் தப்படிப்பவரின் மகன். "ஒங்க பட்டியல்ல நம்ம மலைப் பாட்டு ஒன்னாச்சும் இருக்கா சேர்?" என்றார்.

"அது நாட்டார் பாடல், பொப் இல்லையே" என்றோம்.

"பொப்புன்னா சனங்க பாடுறதுதானே?"

தோட்டத்து மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார் சி.வி. வேலுப்பிள்ளை. வகுப்பில் அவரைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுபவன் நான். கொழுந்தெடுத்து வந்த களைப்போடு என் அப்பாயி பாடிய தாலாட்டை அன்றிரவு நினைத்துப் பார்த்தேன். மெட்டு வந்தது. சொற்கள் இரண்டடிக்கு மேல் வரவில்லை. 'சுராங்கனி' மட்டும் முழுவதும் மனப்பாடம்.

அடுத்த விடுமுறையில் அப்பாயியின் தோழி ஒருவரைத் தேடிப் போகவிருக்கிறேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது.