கோட்டுக்கு வெளியே பறப்பவர்



தலைமை உரை நீண்டால் முதல் கட்டுரையாளரின் நேரம்தான் சுருங்கும். எனவே நேரே பொருளுக்கு வருகிறேன். அனுப்பப்பட்ட கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். கட்டுப்பாட்டு வான்வெளியின் எல்லையை எங்கெங்கே விரிக்கலாம் என்று பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். விரித்தபின் வெளியே தள்ளப்படுபவர் எங்கே பறப்பார் என்று கேட்டவர் மிகச் சிலர். நான் அவர்கள் பக்கம்.

அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி, தலைகீழாய் நிறுத்திய கோபுரம் போன்றது. ஓடுபாதையருகே குறுகித் தரையைத் தொடும்; மேலே போகப் போக அகலும். இறங்கும் ஜெட் விமானம் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 300 அடிதான் தாழ்கிறது. தொலைவில் அது உயரத்திலேயே இருப்பதால், அங்கே வான்வெளியின் அடித்தளமும் உயரமாக இருக்கலாம். அந்த அடித்தளத்துக்குக் கீழே சிறு விமானங்கள் யாரிடமும் அனுமதி கேளாமல் பறக்கின்றன. அடித்தளத்தை இறக்கினால் ஜெட்டுக்கு நல்லதுதான். ஆனால் சிறு விமானங்கள் எல்லாம் மலைக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு மெல்லிய அடுக்கில் நெருக்கியடித்துப் பறக்க நேரும்.

1978 செப்டம்பரில் சான் டியேகோ நகரின்மேல் ஒரு போயிங் 727, செஸ்னா ஒன்றின்மீது மோதி 144 பேர் இறந்தார்கள். அதன்பின் அந்நகருக்கும் இத்தகைய வான்வெளி வகுக்கப்பட்டது. விபத்து நடந்தால் கோடு இழு என்ற பழக்கம் இப்படித்தான் வலுத்தது. அந்தப் பழக்கத்தின் குறையைக் காட்டியது, லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸ் நகரின்மேல் நடந்த மோதல்.

1986 ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், தெளிந்த வானம். லாஸ் ஏஞ்சலஸில் இறங்கவிருந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்தின் வாலில், டாரன்ஸிலிருந்து கிளம்பிய சிறிய பைப்பர் விமானம் ஏறத்தாழ 6,500 அடி உயரத்தில் மோதியது. பெரிய விமானத்தில் 64 பேர், சிறியதில் 3 பேர், தரையில் 15 பேர்: மொத்தம் 82 உயிர்கள். இது நடந்தது எல்லைக்கு உள்ளே என்பதைக் கவனியுங்கள். கோடு இல்லாததால் யாரும் சாகவில்லை. பைப்பர் விமானி தன்னையறியாமல் கோட்டைத் தாண்டியிருந்தார். ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் அவருடைய டிரான்ஸ்பாண்டர் கருவி, உயரத்தைச் சொல்லும் வகையைச் சேர்ந்ததல்ல. ரேடார் திரையில் அவர் எவ்வளவு உயரத்தில் இருக்கிறார் என்று தெரிய வழியில்லை. அதே வேளையில் கட்டுப்பாட்டாளரின் கவனமோ, அனுமதியின்றி நுழைந்த இன்னொரு சிறு விமானத்தின்மீது இருந்தது. ஒரே நேரத்தில் இருவர் வழி தவறுகிறார்கள் என்றால், விமானிகளைத் திட்டுவதற்கு முன் கோட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

பின்னர் பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கட்டாயமானது. பயணிகள் விமானங்களுக்கு மோதல் தவிர்ப்புக் கருவியும் வந்தது. எனக்கு அதைவிடப் பிடித்தது வேறொன்று. லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்துக்கு மேலே சிறு விமானங்களுக்கென இருந்த வழியை 1987இல் மூடினார்கள். பிறகு கறாரான விதிகளோடு திறந்தார்கள். இன்று தென்கிழக்கே போகிறவர் 3,500 அடியிலும், வடமேற்கே போகிறவர் 4,500 அடியிலும், டிரான்ஸ்பாண்டரில் 1201 என்ற எண்ணை வைத்து, 140 நாட் வேகத்தை மீறாமல் போகலாம். ஓடுபாதைகளுக்கு மேலேயே பாதை. கட்டுப்பாட்டாளரின் அனுமதிகூட வேண்டாம். ஜெட்டுகள் இருபுறமும் இறங்கி ஏறிப் போகும் இடத்தில், நடுவே குறுக்காகச் செல்வதே பாதுகாப்பு. சுவரை உயர்த்துகிறவர்களுக்கு வாசல் வைக்கத் தோன்றுவது அரிது.

நம் நாட்டிலோ வெளியே தள்ளப்பட்டவை பயணிகள் விமானங்களே. 1996இல் தில்லியைச் சுற்றியிருந்த வான்வெளியில் பெரும்பகுதி விமானப் படையிடம் இருந்தது. வருகைக்கும் புறப்பாட்டுக்கும் சேர்த்து ஒரே தடம். நவம்பர் 12 மாலை சர்க்கி தாத்ரிக்கு மேலே, 14,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட சவூதி 747 விமானமும், 15,000 அடிக்கு இறங்க அனுமதி பெற்று அதற்கும் கீழே தாழ்ந்த கஜகஸ்தான் விமானமும் மோதின. 349 பேர் மாண்டனர். உயரத்தைக் காட்டும் ரேடார் அன்று அங்கே இல்லை. தவறு கஜகஸ்தான் விமானக் குழுவினருடையது என்றது நீதிபதி லகோட்டி விசாரணை. சரிதான். ஆனால் எதிரெதிர்த் திசைகளில் வருவோருக்கு வெறும் ஆயிரம் அடி மட்டுமே காப்பாக இருக்கும்படி செய்தது எல்லைக்கோடு. அதன்பிறகே தடங்கள் பிரிக்கப்பட்டன. 2020 மே மாதத்தில்கூட, இந்திய வான்வெளியில் 60 விழுக்காடுதான் தடையின்றிக் கிடைக்கிறது என்று நிதியமைச்சர் சொன்னார். எரிபொருள் மிச்சத்துக்காகச் சொன்னார். பாதுகாப்புக்காகவும் சொல்லியிருக்கலாம்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய எல்லையைத் திரையில் காட்டும்போது, அதனால் இடம் மாறும் விமானங்கள் எந்த உயரத்தில், எதற்குப் பக்கத்தில் பறக்கும் என்பதையும் அதே படத்தில் காட்டுங்கள். நெடுஞ்சாலை, ஆறு, கடற்கரை என்று மேலிருந்து கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களையொட்டிக் கோடு போகிறதா என்பதையும் சொல்லுங்கள். பின்வரிசையில் பயிற்சி விமானிகள் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வோர் அமர்விலும் முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கும் என்று அமர்வுத் தலைவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.